பாணன் போன வழி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிப் புறப்பட்டவர்கள், கடப்பாக்கத்தைத் தாண்டி, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வந்து சேர்ந்ததும், இருபுறமும் மரங்களும் வீடுகளும் விலகி, பூமியே கண்ணாடியாகிவிட்டதோ என்று மயங்கும்படி ஒரு வெட்டவெளி விரிவதைக் காண்பார்கள். அதுதான் மரக்காணம். கழுவெளி என்னும் பெரிய உவர்நீர்ப் பரப்புக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே, காக்கிநாடாவில் தொடங்கி வருகிற பக்கிங்காம் கால்வாய் தன் நெடும்பயணத்தை முடித்துக்கொள்ளும் விழுப்புரம் மாவட்டக் கரையில், ஏறத்தாழ 3000 ஏக்கர் அளவுக்குப் பரந்து கிடக்கும் உப்பளங்கள், தை பிறந்ததிலிருந்து புரட்டாசி வரைக்கும் வெயிலைக் குடித்து வெள்ளையாய் விளைகின்றன. வண்டியை ஓரங்கட்டி, உப்புக் குவியல்களைப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் பலர். அந்தக் குவியல்களுக்குப் பின்னால் வளர்கிற பிள்ளைகள் என்ன பாடுகிறார்கள், அவர்களுக்குப் பாடச் சொல்லித்தருகிறவர் யார் என்ற எண்ணம், அந்த வழியே போகும்போதெல்லாம் என்னைப் பற்றிக்கொள்கிறது.

சங்கீதத்துக்கும் இந்தக் கரைக்கும் உள்ள சம்பந்தம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார், மரக்காணத்துக்கு வடக்கே அடுத்தாற்போல் உள்ள இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், எதிர்ப்பட்ட மற்றொரு பாணனுக்கு வழி சொல்வதாக அமைந்த அந்த 269 அடிப் பாட்டில், நெய்தல் நிலத்து ஊராகச் சொல்லப்படும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். அங்கே நுளையர் வீட்டுப் பெண்கள் பாணனுக்குப் பழந்தேறலும் சுட்ட மீனும் கொடுத்து உபசரிப்பார்கள் என்று புலவர் ஆசை காட்டுகிறார். ஆனால் அதற்குச் சற்று முன்னால் அவர் காட்டும் காட்சிதான் என் நெஞ்சைவிட்டு அகலாதது. பாணன் வீட்டு அடுக்களை இடிந்து கிடக்கிறது. கண் திறவாத குட்டிகள் பால் வற்றிய மடியைப் பற்ற, வேதனை பொறாமல் தாய் நாய் குரைக்கிறது. பசியால் மெலிந்த மனைவி, குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பின்றி வேகவைத்து, அயலார் பார்த்துவிடப் போகிறார்களே என்ற நாணத்தால் கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். உப்புக்கு வழியில்லாத ஒரு சங்கீதக் குடும்பம் உப்பு விளையும் கரை வழியாகவே வயிறு நிரம்பப் போன கதை அது. அதே கரையில் இன்று, நாட்டுக்கெல்லாம் உப்பு விளைவித்துத் தருகிறவர்களின் பிள்ளைகளைத் தேடிச் சங்கீதம் வரவேண்டியிருக்கிறது.

உப்பளத்து வேலையைக் கிட்டத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு கடினமான உழைப்பு என்பது தெரியும். கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான் உப்பு. அதைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலிலும் காற்றிலும் சுண்டவிட்டு, கடைசிப் பாத்தியில் உப்புப் பூக்கும்படி செய்வதற்கு முன்னால், பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். இறுகாத தரையில் உப்போடு சேறும் வந்துவிடும். வரிசையாக நின்று, ஒரே வேகத்தில், ஒரே கணக்கில் மிதிக்கிறார்கள். பிறகு நீண்ட கழியில் பலகை கோத்து உப்பை வாருகிறார்கள். பலகை முன்னால் போகும்போது ஒரு சத்தம், இழுக்கும்போது ஒரு சத்தம். சூரியன் ஏறிவிட்டால் உப்பின் வெண்மை கண்ணைப் பறிக்கும் என்பதால், இருள் பிரியுமுன்னே பாத்தியில் இறங்கி, வெயில் உச்சிக்கு வருமுன் கரையேறிவிடுகிறார்கள். உவர்நீரில் ஊறிய பாதங்களில் வெடிப்பு ஆறுவதே இல்லை.

ஒரு மாசி மாதத்துக் காலையில், கரையேறி வந்து வரப்பில் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறந்த ஒரு மூதாட்டியிடம், பாத்தி மிதிக்கும்போது பாடுவதுண்டா என்று கேட்டேன்.

“பாடுவோம்ப்பா. பாடாம எப்படி மிதிக்கிறது? ஒருத்தி எடுத்துக் குடுப்பா, நாங்க எல்லாம் வாங்கிக்குவோம். எங்க மாமியா எடுத்துக் குடுத்தாங்கன்னா அந்தக் கடைசிப் பாத்திக்குக் கேக்கும்.”

“இப்போது?”

“இப்ப எங்கே? செல்போன்ல பாட்டப் போட்டு இடுப்புல செருகிக்கிறாளுவ. அது பாடுது, இவளுவ மிதிக்கிறாளுவ.”

அருகில் நின்ற பேரன் அதைக் கேட்டுச் சிரித்தான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. “நீ ஒரு பாட்டு பாடு” என்றதும் பாட்டியின் முந்தானைக்குப் பின்னால் போய்விட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ‘நீ பாடு’ என்று தனியே நிறுத்தினால் கூசாத பிள்ளை எங்கே இருக்கிறது? ‘வாருங்கள், பாடுவோம்’ என்று அழைத்திருக்க வேண்டும். கேட்ட தவறு என்னுடையது.

அந்த மூதாட்டி சொன்ன ‘எடுத்துக் கொடுப்பதும் வாங்கிக்கொள்வதும்’ நம் ஜனங்களின் மிகப் பழைய சங்கீத சம்பிரதாயம். வலை இழுக்கும் மீனவர் பாடும் அம்பாப் பாட்டு அப்படித்தான். ஏற்றப் பாட்டும், கும்மியும், மார்கழி விடியலில் வீதிவலம் வரும் பஜனையும் அப்படித்தான். 1908 முதல் பத்தாண்டுக் காலம் மரக்காணத்துக்குத் தெற்கே புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், ஏற்றம் இறைப்பவரும், நெல் இடிப்பவரும், சுண்ணம் இடிக்கும் பெண்களும், கும்மி கொட்டும் பெண்களும் பாடும் பாட்டுக்களிலெல்லாம் தம் நெஞ்சைப் பறிகொடுத்ததைக் குயில்பாட்டில் வரிசையிட்டுச் சொல்லியிருக்கிறார். ஆனால் நம் பள்ளிக்கூடங்களும் சபாக்களும் சங்கீதம் என்று எதை எண்ணிப் பழகின? ஒருவர் மேடையில் அமர்ந்து பாட, மற்றவர் கீழே அமர்ந்து கேட்பதையே. ஒற்றைக் குரலின் மனோதர்மத்தை இவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோன நம் கர்நாடக சங்கீதத்தை நான் உயிராய் மதிக்கிறவன். ஆயினும், அந்த மாளிகைக்குள் நுழையப் பத்து வருஷ சிட்சையும், குருவும், வீட்டில் கேள்வி ஞானமும் வேண்டும் என்பதால், உப்பளத்துப் பிள்ளைக்கு அதன் வாசற்கதவு கண்ணுக்கே தென்படுவதில்லை என்பதையும் மறைக்க இயலாது.

இதை உணர்ந்து, எல்லாரும் சேர்ந்து பாடுவதையே ஒரு கலையாக, ஒரு கல்வியாக, ஓர் இயக்கமாகத் தமிழ்நாட்டில் நிலைநாட்டியவர் எம். பி. சீனிவாசன். 1925-ல் பிறந்து, இளமையில் மாணவர் இயக்கத்திலும் பொதுவுடைமை இயக்கத்திலும் ஈடுபட்டு, பிறகு இசையமைப்பாளராகி, 1960-ல் ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசை தந்து, மலையாளத் திரையுலகில் பெரும்புகழ் பெற்ற அவர், யேசுதாஸ் திரையில் முதன்முதலாகப் பாடிய ‘கால்பாடுகள்’ படத்துக்கும் இசையமைத்தவர். திரை வாத்தியக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்து, அவர்கள் உழைப்புக்கு உரிய ஊதியம் வாங்கித் தரப் போராடியவரும் அவரே. இவ்வளவு வேலைக்கும் நடுவில், 1970-களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை நிறுவி, சங்கீதப் பயிற்சி இல்லாத சாதாரண இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டு, பாரதியின் பாடல்களையும் இந்திய மொழிகள் பலவற்றின் பாடல்களையும் பல குரலாய்ப் பாடவைத்தார். வானொலியின் வாயிலாக அந்தக் குரல்கள் வீடுகளுக்கு வந்தன. ‘சேர்ந்திசை’ என்ற அருமையான சொல்லும் அந்தப் பணியோடு சேர்ந்தே மக்கள் நாவில் ஊன்றியது.

1980-களில் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு, பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் பல மொழிப் பாடல்களைச் சேர்ந்து பாடவேண்டும் என்று ஓர் இயக்கம் தொடங்கி, ஆசிரியர்களுக்கு முகாம்கள் நடத்தியபோது, அதற்குத் தோள் கொடுத்தவர்களில் எம். பி. எஸ். முக்கியமானவர். மகாராஷ்டிரத்தில் அதற்கு முன்னரே இசையமைப்பாளர் வசந்த் தேசாய், ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளை ஒரே சுருதியில், ஒரே தாளத்தில் பாடவைத்திருந்தார். எம். பி. எஸ். 1988 மார்ச் 9-ஆம் தேதி லட்சத்தீவில் காலமானார். சென்னைக் குழு அவருக்குப் பின்னும் டி. இராமச்சந்திரன் தலைமையில் தொடர்ந்து பாடியது. திருவனந்தபுரத்தில் அவர் பெயரைத் தாங்கியே ஓர் இளைஞர் சேர்ந்திசைக் குழு இயங்கிவருகிறது.

சேர்ந்திசை என்றால் கூட்டமாய்க் கத்துவது என்று எண்ணிவிடக் கூடாது. அதன் முதற்பாடம், பாடுவதன்று, கேட்பது. நாற்பது பிள்ளைகள் நின்றால், ஒவ்வொரு பிள்ளையும் தன் குரலைக் காட்டிலும் பக்கத்துப் பிள்ளையின் குரலை அதிகம் கேட்க வேண்டும். சுருதிப் பெட்டியை வைத்து, ஆதார ஷட்ஜத்தை மட்டும், வாய் மூடி ‘ம்’ என்று இசைக்கச் சொல்கிறார் ஆசிரியர். முதலில் தேனீக் கூட்டைக் கலைத்தாற்போல் நாற்பது திசையில் போகிறது. கொஞ்சம் கொஞ்சமாக அலைச்சல் குறைந்து, எங்கோ ஒரு கணத்தில் நாற்பதும் ஒன்றாகக் கூடிவிடும்போது, அறையின் ஜன்னற்கதவு அதிரும். அந்தக் கணத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்! யாரும் சொல்லாமலே அத்தனை பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆண் ஆசிரியர் தமக்கு வாட்டமான ஒரு கட்டைச் சுருதியிலேயே கீழ்க்குரலில் பாடவைத்தால் பிள்ளைகள் முனகுவார்கள். எட்டாத உச்சத்துக்கு இழுத்தால் வீரிடுவார்கள். ஐந்து, ஐந்தரைக் கட்டைதான் சிறுவர் சாரீரத்துக்கு ஏற்றது. ‘சத்தமாகப் பாடு, இன்னும் சத்தமாக’ என்று விரட்டுகிற வழக்கத்தை, பிஞ்சுத் தொண்டைக்குச் செய்யும் கொடுமை என்றே சொல்வேன். அடுத்த படி, ஒரே மெட்டை இரண்டு கட்சியாகப் பிரித்து, முதற்கட்சி முதல் அடியை முடித்து இரண்டாம் அடிக்குப் போகும்போது இரண்டாம் கட்சி முதல் அடியைத் தொடங்குவது. ஒன்றை ஒன்று துரத்தும் அலைபோல் மெட்டு தன்மேலேயே வந்து கவிழும். இதற்கு மோகன ராகம் கைகண்ட மருந்து. ஸ, ரி, க, ப, த என்ற ஐந்து ஸ்வரங்களுக்குள் அரை ஸ்வர நெருக்கம் எங்கும் இல்லாததால், எந்த ஸ்வரத்தோடு எந்த ஸ்வரம் சேர்ந்து ஒலித்தாலும் காதை உறுத்தாது. புதிதாய்ப் பாட வரும் பிள்ளை தவறினாலும் அந்தத் தவறு அழகாகவே விழும். கமகம் நிறைந்த ராகங்களில் பல குரல்களை அடுக்குவது அவ்வளவு சுலபமன்று. ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு விதமாய் அசைந்தால் கூட்டு கலங்கிவிடும். ஆகவே, நாட்டுப்புற மெட்டுக்களும் நேரான ஸ்வரங்களில் நடக்கும் ராகங்களுமே முதற்பாடத்துக்கு உதவுகின்றன என்பது என் அனுபவம்.

அனுபவம் என்று சொல்லும்போது, மறக்க முடியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எனக்கு ஒன்பது வயது. படித்த பள்ளியில் ஆண்டுவிழாவுக்குப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாட்டுப் பயிற்சி நடந்தது. மூன்றாம் நாள் ஆசிரியர் என் முன்னால் வந்து குனிந்து காது கொடுத்துக் கேட்டார். நிமிர்ந்து, “நீ வாயை மட்டும் அசை, போதும்” என்றார். விழா மேடையில், புதுச்சட்டை போட்டுக்கொண்டு, முன்வரிசையில் நின்று, வாயை மட்டும் அசைத்தேன். கீழே என் தாயார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும், “உன் குரல்தான் தனியாய்க் கேட்டது” என்று கன்னத்தை வழித்தார். அந்த வார்த்தை இன்றுவரை என்னைச் சுடுகிறது. பல ஆண்டுகள் கழித்து வேறோர் ஊரில், வேறோர் ஆசிரியர், சுருதி சேராத என்னைச் சுருதி சுத்தமான இரண்டு பேருக்கு நடுவில் நிறுத்தி, “பாடாதே, சும்மா கேள், வரும்போது வரட்டும்” என்றார். இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. சேர்ந்திசை ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டிய வித்தைகளில் பாதி, யாரை யாருக்குப் பக்கத்தில் நிறுத்துவது என்பதே.

ஏழைப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் முயற்சிகள் உலகெங்கும், பாட வராது என்று எவரையும் ஒதுக்கலாகாது என்ற இந்த எண்ணத்திலிருந்தே கிளம்பியிருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாரா குளோவர் என்ற ஆசிரியை, இசைக்குறிப்புப் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக ஸ்வரங்களின் பெயர்களைக் கொண்டே பாடும் எளிய முறை ஒன்றை வகுத்தார். ஜான் கர்வென் என்ற பாதிரியார் அதை விரிவாக்கி, ஸ்வரத்துக்கு ஒரு கைச்சைகையும் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளிலும் தொழிலாளர் கூட்டங்களிலும் பரப்பினார். அந்த முறையில் முதல் ஸ்வரத்துக்கு நிலையான இடம் கிடையாது. பாடுகிறவரின் குரலுக்கு ஏற்ற இடத்தில் அதை வைத்துக்கொள்ளலாம். நம் ஸரிகமவும் ஆதார சுருதியும் காலங்காலமாகச் செய்துவருவதும் அதுவே அல்லவா? வெனிசுவேலாவில் 1975-ல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு, ஒரு வாகனக் கொட்டகையில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரோடு தொடங்கிய ‘எல் சிஸ்தேமா’ என்ற இயக்கம், சேரிப் பிள்ளைகள் லட்சக்கணக்கானோரை வாத்தியக் குழுக்களிலும் சேர்ந்திசைக் குழுக்களிலும் கொண்டுவந்து சேர்த்தது. அங்கே காது கேளாத பிள்ளைகளும் வெள்ளைக் கையுறை அணிந்து, கையசைவாலேயே பாட்டில் பங்குகொள்ளும் ஒரு குழு உண்டு. சுவீடனில் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தார் 2013-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, சேர்ந்து பாடுகிறவர்களின் இருதயத் துடிப்பு ஒருமித்து ஏறி இறங்குவதைக் காட்டியது. மூச்சை ஒன்றாக எடுத்து ஒன்றாக விடுவதால் நேர்வது அது. பாத்தி மிதித்த மாமியாருக்கு இந்த ரகசியம் தெரிந்தே இருந்திருக்கும்.

உப்பையும் சேர்ந்த பாட்டையும் பற்றிப் பேசுகையில், 1930-ஆம் வருஷத்தை மறக்கலாகாது. ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியிலிருந்து இராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் வேதாரணியம் கடற்கரையை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டபோது, நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை அந்த யாத்திரைக்கென்றே இயற்றித் தந்த பாட்டைப் பாடிக்கொண்டே சென்றார்கள். சாப்பாடு கொடுத்தால் தண்டனை என்று சர்க்கார் பயமுறுத்தியிருந்த கிராமங்களின் வழியே, நடையின் தாளத்துக்கு அமைந்த அந்தப் பாட்டு முன்னால் சென்றது. அவர்களில் சங்கீத வித்துவான்கள் எத்தனை பேர் இருந்திருக்கக்கூடும்? பாடினார்கள், ஊர் கூடி வாங்கிப் பாடியது.

இனி, நம் காலத்தில் நடந்திருப்பவற்றைப் பார்ப்போம். ஏ. ஆர். ரகுமான் 2008-ல் சென்னையில் நிறுவிய கே. எம். இசைக் கல்லூரியை ஒட்டி எழுந்த ‘சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா’, வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் ஊதுவாத்தியங்களும் இலவசமாகக் கற்பிக்கிறது. பாம்பே ஜெயஸ்ரீ தம் ‘ஹிதம்’ அறக்கட்டளையின் வாயிலாகத் திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடிக் கிராமப் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கல்வி கிடைக்கச் செய்தார். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடமும் அந்தப் பணி சென்றது. டி. எம். கிருஷ்ணாவும் சூழலியல் ஆர்வலர் நித்தியானந்த் ஜெயராமனும் நண்பர்களும் 2015-ல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற மீனவர் குடியிருப்பில் கலைவிழா தொடங்கி, கர்நாடக சங்கீதமும் பறையும் வில்லுப்பாட்டும் ஒரே மேடையில் ஏற வழி செய்தார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில், பெ. இராஜகோபாலும் ஹன்னா டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலம், 2002 முதல் 2020 வரை, வட தமிழகத்துக் கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்தது.

இவற்றில் எனக்கு மிகவும் நெருக்கமானது அந்தக் குருகுலம். கூத்து, அந்தப் பிள்ளைகளின் ஊர்ச் சொத்து. வெளியூர்ச் சங்கீதத்தைக் கொண்டுவந்து ஊட்டாமல், தாத்தா கட்டிய ‘கட்டை’ என்னும் மர அணியையே பேரனுக்கு முறையாய்க் கட்டிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ‘இசையைக் கொண்டுசெல்வது’ என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லே எனக்கு உறுத்தலாக இருக்கிறது. பாத்தி மிதிக்கும் பாட்டும் அம்பாப் பாட்டும் விளைந்த கரைக்கு, இசை தெரியாத ஜனங்கள் என்று எண்ணிக்கொண்டு எவரும் போகக் கூடாது. கொண்டுசெல்ல வேண்டியது, அந்தப் பாட்டைக் கேட்டு வாங்கி, ஸ்வரப்படுத்தி, வகுப்பில் மறுபடியும் அந்தப் பிள்ளைகள் கையிலேயே கொடுக்கும் பயிற்சியும், வாரம் தவறாமல் வந்து நிற்கும் ஓர் ஆசிரியருமே.

ஆசிரியர் விஷயத்தில்தான் காரியம் முடங்குகிறது. 2012-ல் தமிழக அரசு, ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளில் நியமித்தது. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. தொடக்கத்தில் மாதம் 5000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடி வருகிறார்கள். அவர்களில் இசைக்கென்று வந்தவர்கள் ஒரு சிறு பகுதியே. அவர்களும் ஆறாம் வகுப்பிலிருந்துதான். குரல் பக்குவப்படத் தொடங்கும் பருவமோ அதற்கு வெகு முன்னால். விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசையும் நாகசுரமும் தவிலும் தேவாரமும் மூன்று ஆண்டுப் படிப்பாய்க் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் மரக்காணத்துக் குப்பத்திலிருந்து ஒரு சிறு பிள்ளை தினமும் அங்கே போய்வருவது நடக்கிற காரியமன்று. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடந்துவரும் கலைத் திருவிழா, ஒளிந்திருந்த எத்தனையோ திறமைகளை மேடைக்குக் கொண்டுவந்தது; மனமாரப் பாராட்டுகிறேன். எனினும் போட்டி சில நாட்களில் முடிந்துவிடுகிறது. போட்டியில் பாடும் பிள்ளை ஏற்கெனவே பாடத் தெரிந்த பிள்ளை. முந்தானைக்குப் பின்னால் மறைந்தானே, அவனுக்கு வேண்டியது வாரந்தோறும் ஒரு மத்தியானம்.

அந்த மத்தியானம் எந்த மாதத்தில் தொடங்க வேண்டும் என்பதையும் உப்பளமே சொல்லிவிடுகிறது. ஐப்பசியில் மழை இறங்கியதும் பாத்திகள் கரைந்துபோகும். குவித்த உப்பைக் கீற்றால் மூடிவிட்டு, மார்கழி வரைக்கும் வேலையின்றி இருக்க வேண்டும். அந்த மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு 5000 ரூபாய் நிவாரணம் தருகிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியபோது உப்பளங்கள் முழுவதும் வெள்ளக்காடாயின. சென்னையில் சங்கீத சீசன் களைகட்டுகிற மார்கழிதான் இங்கே அடுப்பு மந்தமாய் எரிகிற மார்கழி. இரண்டையும் இணைப்பது ஒரே சாலை, இரண்டரை மணி நேரப் பயணம். சபாக்களில் பாடும் இளம் வித்துவான்களில் பத்துப் பேர், முறை வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒருவராய் அந்தச் சாலையில் வந்துபோனாலும் மழைக்காலம் முழுவதற்கும் ஆசிரியர் கிடைத்துவிடுவார். ஆயினும் ஊரில் தங்கியிருந்து, வந்தவர் சொல்லிக்கொடுத்ததை மற்ற நாட்களில் பிள்ளைகளோடு பாடிப் பார்க்க ஒருவர் வேண்டும். அவர் இசை படித்தவராய் இருக்கவேண்டிய அவசியமில்லை. சத்துணவுக் கூடத்து அக்காவாக இருக்கலாம். அந்த மூதாட்டியாகவே இருக்கலாம். எடுத்துக் கொடுக்கத் தெரிந்தால் போதும்.

வாத்தியம் வேண்டுமென்றால் அதற்கும் உப்பளத்தில் குறைவில்லை. உலர்ந்த கல்லுப்பை ஒரு பிடி எடுத்து மூடியுள்ள தகரடப்பாவில் போட்டு ஆட்டினால், கஞ்சிராவின் சலங்கையைப்போல் கலகலவென்று தாளம் போடும். சிறுபாணாற்றுப்படையில் ஓர் இடத்தில், உப்பு வணிகர் வண்டியோடு வந்த மந்தி ஒன்று, கிளிஞ்சிலின் வயிற்றுக்குள் முத்துக்களை அடக்கி, உப்பு விற்கும் பெண்கள் பெற்ற பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. கொற்கைக் கரையில் நடந்ததாகப் புலவர் சொல்லும் அந்த விளையாட்டை மரக்காணத்து வகுப்பறையில் ஆடிப் பார்க்கலாம். ஐப்பசி ஈரத்தில் மட்டும் கல்லுப்பு கசிந்து, டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டு, ஊமையாகிவிடும். அப்போது புளியங்கொட்டையைப் போட்டு ஆட்டிக்கொள்ளலாம். தையில் பாத்தி மிதிக்கத் தொடங்கியதும் உப்பை மாற்றிக்கொள்ளலாம்.